விளிம்பில் எழுதப்பட்ட வீடு

சீனப் பேரரசி சிஷிக்காக 1870களில் செய்யப்பட்ட பீங்கான் பூந்தொட்டிகளில் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். அங்கே 'தாயாசாய்' என்ற பெயரும், பக்கத்தில் நீள்வட்ட முத்திரைக்குள் 'தியென்தி யீஜியா சுன்' என்ற பெயரும் சிவப்பில் இருக்கும். இரண்டாவது, யுவான்மிங்யுவான் அரண்மனையில் அவர் இளவயதில் வாழ்ந்த இல்லத்தின் பெயர். 1860 ஒக்டோபரில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையைக் கொள்ளையடித்தன. பின்னர் பிரித்தானியர் தீயிட்டனர்.

தொட்டிகள் வந்த ஜிங்டெசென் அரச சூளைகளும் தைப்பிங் போரில் அழிந்து மீளக் கட்டப்பட்டவைதான். வெண்பீங்கானைக் கடும் வெப்பத்தில் சுட்டபின் மஞ்சள், நீலப்பச்சை, இளஞ்சிவப்பு என எனாமல் பூசி, பியோனிப் பூக்களும் விஸ்டீரியாக் கொடியும் பறவைகளும் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுடுவார்கள். அடியில் நீர் வடியத் துளை உண்டு; செடி நடத்தான் செய்தார்கள்.

அரண்மனையை மீளக் கட்டும் வேலை 1874இல் கைவிடப்பட்டது. தொட்டிகள் பல இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.