ஹர்யோலாவின் நரம்பு முடிச்சு: சீலியாக் தமனி அழுத்த நோயின் அறுவை வரலாறு, ஒரு மறுவாசிப்பு

சீலியாக் தமனி அழுத்தம் என்றொரு நோய் உண்மையில் உண்டா என்று 1972இல் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் எமரிக் சிலாகி கேட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தக் கேள்வியை வைத்தார். அதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பார் ஒரு சாரார். 2000க்குப் பிறகு லேப்ராஸ்கோபி விடை சொல்லிவிட்டது என்பார் மற்றொரு சாரார். இரு சாராருமே கேள்வியை அவர் வைத்தபடியே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பார்த்தது நோயின் ஒரு பாதியை மட்டுமே என்பது என் வாதம்.

உடற்கூறு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. உதரவிதானத்தின் இரு கால்களையும் பெருந்தமனிக்கு முன்னால் இணைக்கும் வில்வடிவ நார்ப்பட்டை சிலருக்குத் தாழ்ந்திருக்கும். சிலருக்குச் சீலியாக் தமனியே உயரத்தில் கிளைக்கும். மூச்சை வெளிவிடும்போது பட்டை தமனியை அழுத்தும். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலி, வலிக்கு அஞ்சிச் சாப்பாட்டைக் குறைப்பது, உடல் மெலிவது என்று நோய் வளரும். அமைப்பை 1917இலேயே லிப்ஷுட்ஸ் பிணக்கூறாய்வில் பதிவு செய்துவிட்டார். அதை நோயாக்கியது 1965இல் டன்பரும் கூட்டாளிகளும் வெளியிட்ட 15 நோயாளிகளின் அறிக்கை. அவர்களில் 13 பேருக்கு அறுவை நடந்தது.

சிலாகியின் தடைகள் மூன்று. முதலாவது, ஆஞ்சியோகிராமில் தெரியும் குறுக்கம் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் ஏராளம். இதில் அவர் பக்கம் வலுவானது. லெவினும் பால்டாக்ஸும் அதே 1972இல் இதையே காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டு லிண்ட்னரும் கெம்ப்ரூடும் 75 உடல்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் தமனி பட்டையின் மட்டத்திலோ அதற்கு மேலோ கிளைத்திருந்தது. மூன்றில் ஒருவருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது, சீலியாக் குறுகினாலும் கீழே உள்ள மேல்நடுமடிப்புத் தமனி, கணையத்தைச் சுற்றியுள்ள வளைவுகள் வழியாக இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் இரத்தம் அனுப்பிவிடும். மூன்றாவது, அறுவைக்குப் பின் வலி போனது என்று நோயாளி சொல்வது மட்டும் சான்றாகாது. வயிற்றைத் திறந்து மூடினாலே சிலருக்கு வலி போகும்.

மூன்றும் கூர்மையானவை. ஆனால் முதல் இரண்டும் டன்பரின் விளக்கத்தின் மேல்தான் பாய்கின்றன: பட்டை அழுத்துகிறது, இரத்தம் குறைகிறது, குடல் வலிக்கிறது. அந்த விளக்கத்துக்கு இரண்டாண்டு முந்திய மூலத்தை எடுத்துப் பார்த்தால் படம் வேறு.

1963இல் பின்லாந்தின் அறுவை மருத்துவர் ஹர்யோலா ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 57 வயது ஆண். சாப்பிட்டபின் மேல்வயிற்றில் வலி. ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்தால் அங்கே இரைச்சல். திறந்து பார்த்தபோது தமனியை நெரித்துக்கொண்டிருந்தது நார்த்தன்மை அடைந்து இறுகிய சீலியாக் நரம்பு முடிச்சு. அதை விலக்கியதும் நோயாளி தேறினார். இந்த அறுவை வரலாற்றின் முதல் நோயாளியிடம் குற்றவாளி நரம்புத் திசு. பிற்காலத்தார் இந்நோய்க்கு ஹர்யோலா பெயரையும் டன்பர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். ஆனால் ஹர்யோலாவின் முடிச்சை விட்டுவிட்டு டன்பரின் பட்டையை மட்டும் பாடமாக்கினார்கள். ஒரு நோயாளி போதுமா என்று கேட்கலாம். 1967இல் ஸ்னைடர், மஹோனி, ராப் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே முடிச்சின் நரம்பு நார்த்திசுவைக் காரணமாகச் சொல்கிறது. சிலாகி எழுதும்போது ஐந்து ஆண்டுகளாக அது அச்சில் இருந்தது. ஆக, நரம்பு வாதம் பிற்காலத்தார் கற்பித்ததன்று. தொடக்கத்திலேயே இருந்து, ஒதுக்கப்பட்ட பாடம்.

வலியின் ஊற்று நரம்பென்றால் சிலாகியின் முதல் தடை தன் பல்லை இழக்கும். குறுக்கம் நோயின் அளவுகோலாகாது. நோய் குடியிருக்கும் தெருவைக் காட்டும் அடையாளம் மட்டுமே. இரண்டாவது தடையும் அப்படியே; மாற்றுவழியில் இரத்தம் எவ்வளவு வந்தாலும் நெரிபடும் நரம்புக்கு அது ஆறுதல் தராது. மூன்றாவது தடை அசையாமல் நிற்கிறது. அதை நான் அசைக்க முயலவில்லை.

எதிர்ச்சான்றை மறைப்பது முறையன்று. 1985இல் ரைலியும் கூட்டாளிகளும் அறுவை செய்த 51 பேரில் 44 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டு பின்தொடர்ந்தனர். பட்டையை மட்டும் வெட்டிய 15 பேரில் 8 பேர் வலியற்று இருந்தார்கள். தமனியையும் சீரமைத்த 29 பேரில் அந்த எண்ணிக்கை 22. 53 விழுக்காட்டுக்கும் 76 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டதும் இரத்த வாதம் வென்றதாகப் பலர் எழுதினார்கள். 15 பேரும் 29 பேரும் கொண்ட ஒப்பீட்டில் இவ்வளவு இடைவெளி தற்செயலாகவே வரலாம். கணக்குப் போட்டால் புள்ளியியல் வரம்பை அது எட்டவில்லை. எனக்கு இடைஞ்சலான எண் வேறு. மறுபடி எடுத்த ஆஞ்சியோகிராமில் வலியற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்குத் தமனி நன்கு திறந்திருந்தது. வலி நீடித்தவர்களில் 75 விழுக்காட்டினருக்குக் குறுகியோ அடைத்தோ இருந்தது. இது இரத்த வாதத்துக்குத் துணை. மீதி 30 விழுக்காட்டினர் நல்ல திறப்பு இல்லாமலே எப்படி வலியற்று இருந்தார்கள் என்பதற்கு அந்த வாதத்தில் இடமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லேப்ராஸ்கோபியின் வரவை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். ரொயாயியும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்டதே முதல் அறிக்கை. அது அச்சேறிய ஆண்டு, அறுவை அதற்கு முந்தியது. அவர்கள் பட்டையை வெட்டிய கையோடு வயிற்றுக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி இரத்த ஓட்டம் மீண்டதை உறுதிசெய்தார்கள். அதைத் தலைப்பிலும் போட்டார்கள். அதாவது துளைவழி அறுவை பிறந்தபோதும் அதன் நம்பிக்கை டன்பருடையதே. அந்தக் குழுவில் லேப்ராஸ்கோபி வல்லுநர் கான்யேவும் இரத்தநாள அறுவை வல்லுநர் ஹாலியரும் சேர்ந்திருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதன்பின் இந்த அறுவை மெல்ல மெல்ல லேப்ராஸ்கோபிக்காரர்கள் கைக்குப் போனது. 2007இல் ரோபோவும் வந்தது. துளைகள் வழியே தமனியைத் தைத்து ஒட்டுவது கடினம். ஆகவே பெரும்பாலும் பட்டையையும் அதனோடு பின்னிக்கிடந்த நரம்பிழைகளையும் வெட்டுவதோடு முடித்தார்கள். இழைகளை வேண்டுமென்றே களைவது எந்த ஆண்டில் முறையாயிற்று என்று கோடு போட முடியாது. அறிக்கைகளில் அது படிப்படியாகவே தலைகாட்டுகிறது. யாரும் திட்டமிடாமலே, தமனியைத் தொடாத ஒரு பெரிய சோதனை நடந்துவிட்டது.

2012இல் ஹிமெனெஸ் குழு 400 பேரைத் தொகுத்தது. 121 பேருக்கு லேப்ராஸ்கோபி, மற்றவர்களுக்குத் திறந்த அறுவை. மொத்தத்தில் 85 விழுக்காட்டினருக்கு உடனே வலி நீங்கியது. பிறகு வலி திரும்பியது திறந்த அறுவையில் 6.8, லேப்ராஸ்கோபியில் 5.7 விழுக்காடு. தமனியைச் சீரமைக்காதவர்கள் பின்தங்கிவிடவில்லை. நோயாளித் தேர்வும் பின்தொடர்ந்த காலமும் இரு பக்கமும் ஒன்றல்ல என்பதால் இதை அளவுக்கு மீறி ஏற்றக்கூடாது. லேப்ராஸ்கோபியில் 9.1 விழுக்காட்டினருக்கு இரத்தக்கசிவால் வயிற்றைத் திறக்க நேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. பெருந்தமனியின் மேலேயே நடக்கும் வேலை அது.

நம் ஊரில் கதை வேறு வழியில் போனது. ஹர்யோலா எழுதிய அதே 1963இல் பம்பாயில் பி. கே. சென்னும் கூட்டாளிகளும் நடுப்பெருந்தமனிக் குறுக்கத்தைப் பற்றி எழுதினார்கள். தகயாசு அழற்சி ஜப்பானில் பெருந்தமனியின் வளைவைத் தாக்குவது மிகுதி. இந்தியாவில் வயிற்றுப் பகுதியைத் தாக்குவது மிகுதி. இளம்பெண் ஒருத்தியின் வயிற்றுத் தமனி குறுகியிருந்தால் இங்குள்ள மருத்துவர் முதலில் அழற்சியை நினைப்பது அறிவுடைமை; அதற்கு மருந்துதான் முதல் வழி. பட்டையின் அழுத்தத்தை நாம் தாமதமாகக் கண்டதற்கு லேப்ராஸ்கோபி இல்லாதது காரணமன்று என்றே சொல்வேன். உத்வாடியா மும்பையில் 1990இலேயே பித்தப்பையைத் துளைவழி எடுத்துவிட்டார். கோவையில் பழனிவேலுவும் அடுத்தடுத்து இறங்கினார். கருவி இருந்தது, கையும் இருந்தது. பெருந்தமனிப் படத்தை அழற்சிக் கண்ணோடு பார்க்கும் பழக்கம்தான் குறுக்கே நின்றிருக்க வேண்டும். இது என் ஊகம்.

இன்னொரு தடையும் உண்டு. கிண்டி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இரத்தநாள அறுவைக்கு ஓர் எம்.சிஎச். பட்டமும் இரைப்பை குடல் அறுவைக்கு இன்னொன்றும் தருகிறது. இந்நோய் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அதே கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று 1000 படுக்கைகளோடு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை போன்ற இடத்தில் இப்படி ஒரு நோயாளி வந்தால், எந்தத் துறை அறுக்கிறது என்பதே எந்த வாதம் சோதிக்கப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கும். இரத்தநாளக்காரர் தமனியைப் பார்ப்பார். லேப்ராஸ்கோபிக்காரர் பட்டையைப் பார்ப்பார்.

டச்சு மருத்துவர்கள் இரத்த வாதத்தை விடவில்லை. உடற்பயிற்சியின்போது இரைப்பைக்குள் கரியமில வாயுவின் அழுத்தத்தை அளந்து இரத்தக் குறைவை நேரடியாகக் காட்டும் சோதனையை 2006இல் முன்வைத்தார்கள்; 2009இல் முதுகுப்புறமாகத் துளையிட்டுப் பட்டையை வெட்டும் முறையையும் வெளியிட்டார்கள். உண்மையான அறுவையைப் போலி அறுவையோடு ஒப்பிடும் ஆய்வையும் அவர்களே திட்டமிட்டார்கள். சிலாகியின் மூன்றாவது தடைக்கு அது ஒன்றே தகுந்த விடை. ஆனால் அந்த ஆய்விலும் பட்டையை வெட்டும் கத்தி நரம்பிழைகளையும் சேர்த்தே வெட்டும். போலி அறுவை தோற்றாலும் ஹர்யோலாவின் நோயாளி எதனால் தேறினார் என்பது அதில் தெரியவராது.