மலை வீதியில் நான்கு சக்கர இழுவை வான்: உடையும் முன்னும் உடைந்த பின்னும் செய்யவேண்டியவை

பூனாகலைக்கு இரண்டு பக்கத்தாலும் வரலாம். ஏ-16 வீதியிலுள்ள பண்டாரவளையிலிருந்து வரலாம். ஏ-4 வீதியிலுள்ள கொஸ்லந்தையிலிருந்தும் ஏறலாம். எப்படி வந்தாலும் தேயிலை மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய வீதிதான். கொண்டை ஊசி வளைவுகள், மழை அரித்த கரை, லயங்களுக்குப் போகும் கல் பாதை. இங்கு வாகனத்தில் முதலில் அடிவாங்குவது எஞ்சின் அல்ல. எஞ்சினின் வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களே.

நான் இந்தப் பக்கத்து ஆள். கராஜ் வேலைதான் தொழில். அண்மைக் காலமாகக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி பொருத்திய நான்கு சக்கர இழுவை வான்கள் இங்கே அதிகம் வருகின்றன. சில, வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுத்தவை. வேறு சில, வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து உறவுகளைப் பார்க்க வருபவை. 1958, 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. போர் முடிந்த பிறகு பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழைய லயத்தைப் பார்க்க வருகிறார்கள். ஏ-9 வீதியின் சமதரையில் ஓடிப் பழகிய வாகனம் இங்கு ஏறும்போது என்ன நடக்கிறது, நடந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஏன் இது சிறிய விடயம் அல்ல

தோட்டத்தில் வான் என்பது சுற்றுலா வாகனம் மட்டுமல்ல. இரவில் பிரசவ வலி வந்தாலும், மழையில் லயத்தை விட்டு வெளியேறச் சொன்னாலும் அதுதான் வரவேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து வீடுகள் போயின. இந்த மலைகளில் ஒரு வாகனம் குறுக்கே நின்றால் பின்னால் வரும் எல்லோருக்கும் வழி அடைபடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இன்று மலையேறும் பல வான்கள் முப்பது வருடம் கண்டவை.

வலு போகும் வழி

எஞ்சினிலிருந்து கிளச், கியர் பொக்ஸ், அதன் பின்னால் ட்ரான்ஸ்பர் கேஸ். அங்கிருந்து வலு இரண்டாகப் பிரிகிறது. ஒரு புரொப்பல்லர் ஷாப்ட் முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போகும். இரண்டு முனையிலும் டிபரென்ஷியல். அதிலிருந்து அக்சில் வழியாகச் சக்கரம். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி பலவீனமானால் மற்றவையும் கெடும்.

இந்த வான்களில் இரண்டு பெரிய வகை உண்டு. முதலாவதில் சாரதி லீவரை இழுத்தால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும்; மற்ற நேரம் பின்சக்கரம் மட்டும். இரண்டாவதில் நான்கும் எப்போதும் இழுக்கும். நடுவில் பிசுபிசுப்பான சிலிக்கன் திரவம் நிறைந்த விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். உங்கள் வான் எந்த வகை என்று தெரியாமல் மலை ஏறவேண்டாம். வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்கும்போதே இதைக் கேட்கவேண்டும்.

பழுது வரும் நான்கு காரணங்கள்

ஒன்று, காய்ந்த தார் வீதியில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓடுவது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடிய தூரம் ஓடும். லீவர் வகை வானில் இரண்டு ஷாப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. சேறு, கல் என்றால் ரயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும். தாரிலும் கொங்கிறீட்டிலும் வழுக்காது. முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், ரயர் கிறீச்சிடும், லீவரை எடுக்க வராது. அப்படி இறுகினால் பலமாக இழுக்காமல், நேராகச் சில மீற்றர் பின்னுக்குச் செல்லுங்கள். முறுக்கம் கழன்று லீவர் வரும். பூனாகலைப் பக்கம் தார், கொங்கிறீட், மண் என்று மாறி மாறி வரும். நல்ல வீதி வந்தவுடன் இழுவையை எடுத்துவிடுவது பழக்கமாக வேண்டும்.

இரண்டு, ரயர் வித்தியாசம். முன்னுக்குப் புதியது, பின்னுக்குத் தேய்ந்தது என்று போட்டால், எப்போதும் நான்கும் இழுக்கும் வானில் விஸ்கஸ் கப்ளிங் ஓய்வில்லாமல் வேலைசெய்து சூடாகிக் கெடும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று என்பது இங்கு கட்டாயம்.

மூன்று, பாரம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 60 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஓர் ஆளின் எடை. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் இரும்போடு சேர்ந்தால் அதன் இரட்டிப்பளவு. பலகைக் கட்டில், பற்றரிகள், கூரைமேல் பொதிகள். இவற்றில் பெரும்பகுதி பின் அக்சிலுக்குப் பின்னால் இருந்தால் வான் பின்னுக்குத் தாழும். ஷாப்டின் கோணம் மாறி யு ஜொயின்ட் வேகமாகத் தேயும். தண்ணீரை மேலே வந்து நிரப்புங்கள். மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

நான்கு, தண்ணீருக்குள் இறங்குவது. ஓடிச் சூடான டிபரென்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குள் இருந்தாலோ, ஒயில் சீல் வழியாகவும் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுபடும். ஓடையைக் கடந்த மறுநாள் ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஓடினால் பெயரிங் போய்விடும்.

சத்தம் சொல்லும் செய்தி

புறப்படும்போதும் முன்-பின் கியர் மாற்றும்போதும் 'டக்' என்றால் முதலில் யு ஜொயின்டைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஷாப்டைக் கையால் இருபுறமும் திருகுங்கள். ஜொயின்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்றவேண்டும்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது 'டிக் டிக்' என்றால் முன் சி.வி. ஜொயின்ட். சக்கரத்தின் உள்பக்கத்தில் கிறீஸ் தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் வரமுன் பிடித்தால் பூட்டோடு செலவு முடியும்.

வேகம் கூடக்கூட வானின் தரை அதிர்ந்தால் புரொப்பல்லர் ஷாப்டின் சமநிலை அல்லது நடுப் பெயரிங். இதை வைத்துக்கொண்டு ஓடவேண்டாம். ஓடும்போது ஷாப்டின் முன்முனை கழன்று வீதியில் குத்தினால் வானையே தூக்கிவிடும்.

எக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு ஊளை, விடும்போது வேறொரு ஊளை என்றால் டிபரென்ஷியலின் பினியன். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது உறுமல் மாறினால் சக்கரப் பெயரிங். எஞ்சின் இரைகிறது, வான் ஏறவில்லை, எரிந்த வாடை வருகிறது என்றால் கிளச். ஏற்றத்தில் கிளச்சாலேயே வானைத் தாங்கிப் பிடித்து நிற்பது அதைக் கொன்றுவிடும். ஹான்ட் பிரேக்கைப் பாவியுங்கள்.

ஒயில் வடிக்கும்போது காந்தப் பூட்டில் மை போன்ற சாம்பல் நிறத் துகள் ஒட்டியிருப்பது சாதாரணம். நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

நடுவழியில் உடைந்தால்

முதலில் இதை மனதில் வையுங்கள். கியரில் போட்டு நிறுத்துவதும், ஒட்டோ வானில் 'பி'யில் நிறுத்துவதும் ஷாப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கின்றன. ஷாப்டோ அக்சிலோ உடைந்துவிட்டால் அந்தப் பிடி இல்லை. பழைய ஜீப்புகளிலும் சில லொறிகளிலும் ஹான்ட் பிரேக்கும் ஷாப்டில்தான் பிடிக்கும், அதுவும் போய்விடும். ஆகவே கால் பிரேக்கை மிதித்தபடியே இருங்கள். பக்கத்தில் இருப்பவர் இறங்கி, சரிவுப் பக்கமாக இரண்டு சக்கரத்துக்கும் பெரிய கல் வைக்கட்டும். பிறகே மற்றவர்கள் இறங்கவேண்டும். கல் இல்லாமல் யாரும் வானுக்குக் கீழே போகக்கூடாது. வளைவுக்கு இருபுறமும் ஒருவரை நிறுத்தி, வரும் வாகனங்களுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். பனிமூட்டத்தில் இது உயிர் காக்கும்.

லீவர் வகை வானில் பின் ஷாப்ட் போனால், அதைக் கழற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டு முன்சக்கரத்தால் மெதுவாக நகரலாம். முன் ஷாப்ட் போனால் அதைக் கழற்றி, பின்சக்கர இழுவையில் போகலாம். கழற்றுமுன் இரண்டு விளிம்பிலும் ஒரே நேராகக் கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் பூட்டாவிட்டால் அதிரும். ஷாப்டின் முனை நேரே ட்ரான்ஸ்பருக்குள் நுழையும் வகையானால், உருவியவுடன் ஒயில் ஊற்றும். சுழலாத வெளிக்கூட்டின்மேல் தடித்த பொலித்தீனை ரயர் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினால் கிட்டிய கராஜ் வரை தாங்கும்.

முன்சக்கரத்தால் மட்டும் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து முன்ரயர் வழுக்கும். ஆட்களையும் பொதிகளையும் இறக்கிவிடுங்கள். ஈரமான செங்குத்தில் இந்த வேலையே வேண்டாம்.

எப்போதும் நான்கும் இழுக்கும் வானில் ஒரு ஷாப்டைக் கழற்றி ஓடினால் விஸ்கஸ் கப்ளிங் எரியும். நடுப் பூட்டு இல்லாவிட்டால் நகரவே வேண்டாம். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுப்பதும் இவற்றுக்கு ஆகாது. லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

பின் அக்சில் உடைந்து சக்கரம் சாய்ந்திருந்தால் எந்த வகை வானையும் அசைக்கவேண்டாம். பெரும்பாலான வான்களில் சக்கரத்தைத் தாங்குவதும் அந்த அக்சில்தான். அது உடைந்தால் சக்கரம் வெளியே கழன்று வரும்.

வானில் நோயாளி இருந்தால் திருத்தும் யோசனையை விட்டுவிட்டு 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மண் சரியும் அறிகுறி தெரிந்தால் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். வானைப் பூட்டிவிட்டு ஆட்கள் நடந்தாவது விலகவேண்டும்.

ஒரு குடும்பத்தின் கதை

கிளிநொச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா 1977இல் சிறுபிள்ளையாக இங்கிருந்து போனவர். "தம்பி, நாலு சக்கரத்துக்கு மாத்தினா வண்டி கட்டிப் பிடிச்ச மாதிரி நிக்குது. மண் றோட்டிலயும் அப்பிடித்தான்" என்றார். மண்ணிலும் அப்படி என்றால் முறுக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. விசாரித்தபோது, ஊரில் ஒரு கராஜில் பின் டிபரென்ஷியலை மாற்றியிருந்தார்கள். பொருந்தியது, ஆனால் பல் விகிதம் வேறு. முன்னுக்கு ஒரு வேகம், பின்னுக்கு ஒரு வேகம். இன்னும் சில தடவை போட்டிருந்தால் ட்ரான்ஸ்பரின் சங்கிலி போயிருக்கும். லீவரைத் தொடவேண்டாம் என்று சொல்லி, பாரத்தை இறக்கி, பின்சக்கர இழுவையிலேயே பண்டாரவளை வரை அனுப்பினோம். அவர் பழைய லயத்துக்கு நடந்தே போய்ப் பார்த்து வந்தார்.

இதை வாங்குமுன்னே கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நாலே கால் சுற்று என்றால் விகிதம் ஏறக்குறைய 4.25. முன்பக்கத்திலும் ஹப்பைப் பூட்டி இப்படியே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். (பூட்டு வகை டிபரென்ஷியலுக்கு இந்த முறை சரிவராது.) கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் வாங்குபவர்கள் பழையதில் உள்ள பற்களை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். வெளித்தோற்றத்தை நம்பவேண்டாம்.

எதில் ஒப்பேற்றலாம், எதில் கூடாது

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாங்கள் என்று வடக்கு வாசகர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கைத்திறன் இன்றும் கராஜ்களில் வாழ்கிறது. ஆனால் எஞ்சினில் ஒப்பேற்றினால் வண்டி நிற்கும். ஷாப்டில் ஒப்பேற்றினால் ஆள் போவார். ஷாப்ட் ஆணிகள் உயர்வலு இரும்பு, தலையில் 8.8, 10.9 போன்ற எண் இருக்கும். கையேடு சொல்லும் எண்ணுக்குக் குறைந்ததையோ, எண்ணே இல்லாத கடை ஆணியையோ போடக்கூடாது. உடைந்த அக்சிலை ஒட்டி ஓடக்கூடாது.

ஒயிலிலும் அப்படியே. டிபரென்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜி.எல்-5 வகை 80டபிள்யூ-90. மெனுவல் கியர் பொக்ஸுக்கு ஜி.எல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள், ஜி.எல்-5 சிலவற்றில் பித்தளை வளையங்களை அரிக்கும். சேற்றிலும் ஏற்றத்திலும் ஓடும் வானுக்குக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது.

புறப்படுமுன்

ரயர் நான்கும் ஒரே அளவா, பூட் கிழிந்திருக்கிறதா, ஷாப்டில் ஆட்டமா, ஒயில் கசிகிறதா, மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர இழுவையை ஒரு மண் நிலத்தில் போட்டு எடுத்துப் பாருங்கள். வானில் இரண்டு மரக்கட்டை, ஜக், கம்பி, ஒரு லீற்றர் கியர் ஒயில், பொலித்தீன், டோர்ச் இருக்கட்டும்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடியை இழக்கும். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து பலர் இறந்தது நம் கண்முன் நடந்தது.

வானிலை அறிவித்தலையும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக வெளியிடுகிறது. மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த நாளில் இந்த வீதி, லயத்தை விட்டு வெளியேறும் மக்களுக்கு வேண்டும்.