கிறித்தவமும் திருநர்களும்

திருநர்களை (திருநங்கையர், திருநம்பியர்) ஏற்றுக்கொள்வது குறித்துக் கிறித்தவ சபைகள் அனைத்துக்கும் பொதுவான நிலைப்பாடு ஒன்று இல்லை. சில சபைகள் அவர்களைக் குருக்களாகவும் ஆயர்களாகவும் ஏற்றுள்ளன. வேறு சில, பால் மாற்றத்தைக் கடவுளின் படைப்பு ஒழுங்குக்கு முரணானதாகக் கருதுகின்றன. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறுதல், ஞானப்பெற்றோர் ஆதல், திருமணம் செய்தல், குருத்துவம் பெறுதல் ஆகியவை தனித்தனிக் கேள்விகளாகும். ஒரே சபை இவற்றுள் ஒன்றுக்கு இசைந்து மற்றொன்றுக்கு மறுப்பதும் உண்டு.

விவிலியப் பின்னணி

பால் மாற்றம் என்னும் இன்றைய கருத்து விவிலியத்தில் நேரடியாகப் பேசப்படவில்லை. எனவே இரு தரப்பினரும் தொடர்புடைய வேறு பகுதிகளைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

ஏற்க மறுப்போர், கடவுள் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்னும் தொடக்க நூல் (ஆதியாகமம்) 1:27-ஐயும், ஆண் பெண்ணுடையையும் பெண் ஆணுடையையும் அணிவதைத் தடை செய்யும் இணைச் சட்டம் (உபாகமம்) 22:5-ஐயும் எடுத்துக்காட்டுவர்.

ஏற்போர் சுட்டுவன அண்ணகர் பற்றிய பகுதிகள். அண்ணகர் என்பது விதை நீக்கப்பட்டவரைக் குறிக்கப் பழைய தமிழ் விவிலியம் ஆளும் சொல்லாகும். இணைச் சட்டம் 23:1 இத்தகையோர் ஆண்டவரின் சபையில் சேரக்கூடாது என்கிறது. எசாயா 56:3-5 அவர்களுக்குக் கடவுளின் இல்லத்தில் இடமும் அழியாப் பெயரும் வாக்களிக்கிறது. மத்தேயு 19:12-இல் இயேசு அவர்களைப் பற்றிக் கண்டனமின்றிப் பேசுகிறார். திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் நிதி அலுவலரான அண்ணகர் ஒருவருக்குப் பிலிப்பு திருமுழுக்கு அளிக்கிறார். அண்ணகரும் இன்றைய திருநரும் ஒரே வகையினர் அல்லர். எனினும் முன்பு விலக்கப்பட்டவர் பின்பு சேர்க்கப்பட்டார் என்பதே இத்தரப்பின் வாதமாகும்.

தொடக்ககாலத் திருச்சபையும் இச்சிக்கலை எதிர்கொண்டது. கி.பி. 325-இல் கூடிய முதலாம் நிக்கேயா சங்கத்தின் முதல் விதி, தன்னைத்தானே விதை நீக்கிக்கொண்டவர் குருவாக இருக்கலாகாது என்றது. மருத்துவராலோ பிறரின் வன்முறையாலோ அந்நிலைக்கு ஆளானவருக்கு இத்தடை இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை

2023 அக்டோபர் 31 நாளிட்ட ஆவணம் ஒன்றில், வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை பிரேசில் நாட்டு ஆயர் ஒருவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்தது. திருத்தந்தை பிரான்சிசு இதற்கு ஒப்புதல் அளித்தார். இதன்படி:

- பால் மாற்ற அறுவை மருத்துவம் செய்துகொண்டவரும், மற்ற நம்பிக்கையாளருக்கு உரிய அதே நிபந்தனைகளின்படி திருமுழுக்குப் பெறலாம். மக்களிடையே இடறலோ குழப்பமோ விளையும் நிலை இருத்தலாகாது.
- குறிப்பிட்ட சூழல்களில் ஞானப்பெற்றோராக அனுமதிக்கப்படலாம். ஆனால் அது உரிமை ஆகாது. முடிவு பங்குப் பணியாளரின் விவேகத்தைச் சார்ந்தது.
- திருமணச் சாட்சியாக இருக்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

இதே துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட 'டிக்னித்தாசு இன்ஃபினித்தா' என்னும் அறிக்கை, பால் மாற்றச் சிகிச்சை மனிதரின் தனித்துவமான மாண்புக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்றது. பிறவியிலேயே பாலுறுப்பு வேறுபாடு உடையோர் பெறும் மருத்துவத்தை இதிலிருந்து விலக்கியது.

நடைமுறையில் பரிவும் கோட்பாட்டில் மறுப்பும் இவ்வாறு ஒருங்கே காணப்படுகின்றன. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, உரோமைக்கு அருகிலுள்ள தொர்வயானிக்கா என்னும் கடலோர ஊரில் வருவாய் இழந்த திருநங்கையர் பங்கு ஆலயத்தில் உதவி கேட்டனர். ஆலயமும் வத்திக்கானும் உதவின. பின்னர் அவர்களில் பலர் திருத்தந்தையை நேரில் சந்தித்தனர். 2023 நவம்பரில் வறியோருக்காக வத்திக்கானில் நடைபெற்ற விருந்திலும் அவர்கள் கலந்துகொண்டனர்.

ஆங்கிலிக்கன் மற்றும் சீர்திருத்தச் சபைகள்

இங்கிலாந்து திருச்சபையில் 2000-ஆம் ஆண்டில் கேரல் ஸ்டோன் என்னும் குரு, பால் மாற்றத்திற்குப் பின்னும் பணியில் தொடர அவருடைய ஆயர் இசைந்தார். 2017-இல் அச்சபையின் பொதுப் பேரவை, திருநர்களை வரவேற்று உறுதிப்படுத்த வேண்டும் என்று தீர்மானித்தது. திருமுழுக்கு ஒருமுறை மட்டுமே பெறத்தக்கது என்பதால், புதிய பெயருடன் வருபவருக்கு அதை மீண்டும் அளிக்க இயலாது. ஆகவே ஏற்கெனவே உள்ள 'திருமுழுக்கு நம்பிக்கையை உறுதிப்படுத்தும் வழிபாடு' இதற்குப் பயன்படலாம் என ஆயர்கள் 2018 டிசம்பரில் வழிகாட்டினர். சபையின் நற்செய்தி மரபினர் பலர் இதனை எதிர்த்தனர்.

அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபை, பால் அடையாளம் காரணமாகக் குருத்துவத்திற்கான வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்று 2012-இல் விதி திருத்தியது. அந்நாட்டின் நற்செய்தி லூத்தரன் திருச்சபையில் 2021-இல் மேகன் ரோரர் வெளிப்படையான முதல் திருநர் ஆயராகத் தேர்வானார். 2022-இல் பதவி விலகினார்.

இதற்கு மாறாக, தென்னகப் பாப்திஸ்து பேரவை 2014-இல் இயற்றிய தீர்மானம், ஒருவரின் பால் அடையாளத்தை உடலே தீர்மானிக்கிறது, தன்னுணர்வு அன்று என்றது. திருநர்களைத் துன்புறுத்துவதையும் அதே தீர்மானம் கண்டித்தது.

இந்தியாவில்

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் கொச்சியில், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட திருநர்களுக்காகச் 'சகஜ்' என்னும் கல்வி மையம் தொடங்கப்பட்டது. பலர் இடம் தர மறுத்த நிலையில் இதற்குக் கட்டடம் அளித்தவர்கள் கத்தோலிக்கத் துறவற சபையான கர்மேல் அன்னை சபையின் அருட்சகோதரிகள் ஆவர். எனினும் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது. குருத்துவம் ஆண்களுக்கு மட்டும் உரியது. ஆதலால் கல்விக்கும் உதவிக்கும் கிடைத்த இந்த ஏற்பு இவ்விரு அருட்சாதனங்களுக்கும் நீளவில்லை.