பேண்ட் சா இயந்திரம்: பிளேடு கைடுகளைச் சரிசெய்யும் முறை

பண்ணை மரங்களைப் பேண்ட் சாவில் அறுக்கும்போது பலகை கோணலாக வந்தால், பிளேடின் கூர்மையோடு கைடுகளையும் பார்க்க வேண்டும். ஓடும் பிளேடு பக்கவாட்டில் ஆடாமலும் பின்னால் விலகாமலும் தாங்குபவை இவையே. மேசைக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்யும் முறை

1. மின் இணைப்பைத் துண்டிக்கவும்.

2. கைடுகளை விலக்கிவிட்டு, பிளேடின் இறுக்கத்தையும் சக்கரத்தில் ஓடும் நிலையையும் முதலில் சரிசெய்யவும்.

3. பிளேடுக்கும் பக்கக் கைடுகளுக்கும் இடையே ஒரு தாளின் கனம் இடைவெளி விடவும். கைடுகள் பற்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பற்களில் உரசினால் கூர் போய்விடும்.

4. பின்புற பேரிங்கிற்கும் அதே இடைவெளி போதும். மரம் அழுத்தும்போது மட்டுமே அது சுழல வேண்டும். வெறுமனே ஓடும்போதும் சுழன்றால் பிளேடு சூடேறி விரைவில் முறியும்.

5. சக்கரத்தைக் கையால் சுற்றி, உரசல் இல்லை என்று உறுதி செய்யவும்.

6. அறுக்கும்போது மேல் கைடு மரத்திற்குக் கால் அங்குலம் மேலே இருக்கட்டும். அதிகம் உயர்த்தினால் பிளேடு அலையும், விரல்களுக்கும் ஆபத்து.

பராமரிப்பு

வேலை முடிந்ததும், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மரத்தூளையும் பிசினையும் துடைக்கவும். இறுகிய, பள்ளம் விழுந்த பேரிங்கை மாற்றவும். பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் கைடுகளைப் புதிதாகச் சரிசெய்யவும்.