போர்ச்சுகலில் தொலைப்பணியாளர்கள்

ஒரு நாட்டு நிறுவனத்திடம் ஊதியம் பெற்று, இணையம் வழியாக அந்த வேலையைச் செய்துகொண்டு, வேறொரு நாட்டில் குடியிருப்பவர் தொலைப்பணியாளர் எனப்படுகிறார். தமிழ் இதழ்கள் இவரை ‘டிஜிட்டல் நாடோடி’ என்றும் எழுதுகின்றன. நாடோடி என்ற சொல் சற்றுப் பிழையான படத்தைத் தருகிறது. இவர்களில் பலர் ஓரிடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குபவர்கள். வீடு என்று வந்ததும் அந்த ஊர்க்காரர்களும் கணக்கில் வந்துவிடுகிறார்கள். இந்த வாழ்க்கையின் நன்மையும் தீமையும் ஒருங்கே தெரியும் இடங்களில் போர்ச்சுகல் முதன்மையானது.

தொலைவிலிருந்து வேலை செய்யும் எண்ணம் பழையது. அமெரிக்கரான ஜாக் நில்லஸ் 1973-இலேயே அதற்கு ஒரு பெயர் வைத்தார். நகரச் சாலைகளின் நெரிசலைக் குறைப்பதே அன்றைய நோக்கம்; நாடு விட்டு நாடு போவது அதில் இல்லை. ‘டிஜிட்டல் நோமட்’ என்ற தலைப்பில் ட்சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் எழுதிய நூல் 1997-இல் வெளிவந்தது. அரசுகள் இவர்களைத் தனி வகையினராகக் கண்டு விசா வழங்கத் தொடங்கியது கொரோனாத் தொற்றுக் காலத்தில்தான். 2020 ஜூலையில் பார்படோஸும் ஆகஸ்டில் எஸ்டோனியாவும் அத்தகைய விசாவை அறிவித்தன.

அனுப்பிய நாடு, அழைத்த நாடு

போர்ச்சுகல் நெடுங்காலம் தன் மக்களை வெளியே அனுப்பிய நாடு. 1960-களில் வறுமைக்கும் சர்வாதிகார ஆட்சிக்கும் ஆப்பிரிக்கக் குடியேற்றப் போர்களுக்கும் தப்பி, லட்சக்கணக்கானோர் பிரான்சுக்குப் போனார்கள். பலர் உரிய ஆவணமின்றி எல்லையைக் கடந்தவர்கள். 2011-இல் நிதி நெருக்கடி முற்றி, 7,800 கோடி யூரோ கடனுதவியை அந்நாடு ஏற்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். இம்முறை போனவர்களில் படித்த இளைஞர்கள் நிறைய.

தன் இளைஞர்கள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அரசு வெளிநாட்டவரை அழைத்தது. 2009-இல் வந்த வரித் திட்டப்படி, புதிதாகக் குடியேறும் குறிப்பிட்ட தொழில் வல்லுநர்கள் உள்நாட்டு ஊதியத்துக்கு 20 சதவீத வரி கட்டினால் போதும். வெளிநாட்டு வருமானத்தில் பெரும்பகுதிக்கு நிபந்தனையுடன் விலக்கும் உண்டு. சலுகை பத்து ஆண்டுகளுக்கு. உள்ளூர்க்காரருக்கோ வருமானம் ஏற ஏற வரி 48 சதவீதம் வரை போகும். 2012-இல் ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வதிவிட உரிமை தரும் ‘தங்க விசா’ வந்தது. அதே ஆண்டில், பல பத்தாண்டுகளாக உறைந்திருந்த பழைய வாடகைகளைத் தளர்த்தும் சட்டமும் வந்தது. 2014-இல் வீடுகளைச் சுற்றுலாத் தங்குமிடமாகப் பதிவு செய்வது எளிதாக்கப்பட்டது. மடிக்கணினியோடு வந்தவர்களுக்கு முன்பே கதவு அகலத் திறந்திருந்தது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

வந்தவர்களுக்குக் கிடைத்தவை

லிஸ்பனின் கடிகாரமும் லண்டனின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன. பிரித்தானிய நிறுவனத்தில் வேலை செய்பவர் தன் வேலை நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. வெயில், கடல், நல்ல இணைய இணைப்பு, லண்டனைவிடக் குறைந்த செலவு ஆகியவை சேர்ந்தபோது பலருக்கும் தயக்கம் தீர்ந்தது. மதேய்ரா தீவின் போன்டா டோ சோல் என்னும் சிற்றூரில் 2021 பிப்ரவரியில் தொலைப்பணியாளர்களுக்கென ஒரு ‘கிராமம்’ தொடங்கப்பட்டது. அங்குள்ள ஜான் டாஸ் பாசோஸ் பண்பாட்டு மையத்தில் மேசையும் இணையமும் இலவசம். அந்த அமெரிக்க எழுத்தாளரின் தாத்தா இவ்வூரிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர். பேரனின் பெயர் கொண்ட கட்டடத்தில் இன்று எதிர்த்திசையில் வந்தவர்கள் அமர்ந்து வேலை செய்கிறார்கள்.

2022 அக்டோபர் 30 முதல் ‘டி8’ எனப்படும் தனி விசா நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு வரை தங்குவதற்கு ஒரு வகை, நீண்டகால வதிவிடத்துக்கு இன்னொரு வகை. விண்ணப்பிப்பவரின் மாத வருமானம் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். அவ்வாண்டில் குறைந்தபட்ச ஊதியம் 705 யூரோ. எனவே தேவைப்பட்டது 2,820 யூரோ. 2025-இல் இவை 870, 3,480 யூரோ ஆயின. இந்த நான்கு மடங்கு விதியில்தான் சிக்கலின் முழு அளவும் அடங்கியுள்ளது. வாடகைச் சந்தையில், குறைந்தபட்ச ஊதியம் பெறும் கடை ஊழியரின் எதிரே அவரைப் போல் நான்கு மடங்காவது சம்பாதிப்பவரைச் சட்டமே நிறுத்துகிறது.

வந்தவர்களுக்கும் எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் தங்கினால் அந்நாட்டின் வரிக் கணக்குக்குள் வர வேண்டும். சமூகப் பாதுகாப்புத் தொகையை எந்த நாட்டில் கட்டுவது என்பது அடுத்த குழப்பம். தன் ஊழியர் வேறு நாட்டில் இருப்பதால் அங்கே தனக்கும் வரிப்பொறுப்பு வருமோ என்று நிறுவனமே அஞ்சுவதும் உண்டு. கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் லிஸ்பனில் மாலை ஐந்து. கூட்டங்கள் இரவில்தான் நடக்கும். சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்பவர் குளிர்காலத்தில் அதிகாலை மூன்றரைக்கு எழ வேண்டும். குடிவரவுத் துறை 2023 அக்டோபரில் கலைக்கப்பட்டுப் புதிய முகமை அமைந்தபோது விண்ணப்பங்கள் குவிந்துகிடந்தன. 2024-இல் நிலுவை சுமார் நான்கு லட்சம் என அரசே கூறியது. காலாவதியான அட்டைகளின் செல்லுபடியை அரசு ஆணையால் நீட்டித்தது. ஆனால் அந்த நீட்டிப்பைப் பிற நாடுகள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், பயணம் செய்யத் தயங்கியவர்கள் பலர். சுதந்திரமாகத் திரியலாம் என்று வந்தவர்களுக்கு இது கசப்பான முரண்.

வீடு

லிஸ்பனின் பழைய குடியிருப்பான அல்பாமாவில் வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்குமிடங்களாக மாறின. 2018-இல் அல்பாமா, மௌராரியா, பைரோ அல்ட்டோ உள்ளிட்ட பகுதிகளில் புதிய பதிவுகளை மாநகராட்சி நிறுத்திவைத்தது. அப்போது டி8 விசா வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. எனவே வாடகை ஏற்றத்துக்குத் தொலைப்பணியாளரை மட்டும் குற்றம் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதலீட்டாளர், சுற்றுலா விடுதியாளர், போதிய பொதுவீடுகளைக் கட்டாத அரசு ஆகியோரின் பங்கு மூத்தது. அதற்காக இவர்களின் பங்கு இல்லையென்றும் ஆகாது. வெளிநாட்டு ஊதியம் தரும் வாடகையைக் கண்ட வீட்டு உரிமையாளர் உள்ளூர் ஊதியத்துக்கு இறங்கி வருவதில்லை. ஆசிரியரும் செவிலியரும் நகருக்கு வெளியே போகிறார்கள். இளைஞர் முப்பது வயதிலும் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். அந்தத் தெருக் காப்பிக்கடைக்கு வருமானம் கூடியதும் உண்மை. அங்கே வேலை செய்பவருக்கு அந்தத் தெருவில் வீடு கிடைக்காததும் உண்மை.

2023 ஏப்ரல் 1 அன்று லிஸ்பன், போர்ட்டோ முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். செப்டம்பர் இறுதியில் மீண்டும் திரண்டார்கள். அக்டோபரில் வந்த சட்டம், வீடு வாங்கித் தங்க விசா பெறும் வழியை அடைத்தது. 2009-இன் வரிச் சலுகை 2024 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டு, அறிவியல் ஆய்வு, புத்தாக்கத் துறைகளுக்கான குறுகிய சலுகை அதன் இடத்தில் வந்தது. டி8 விசா தொடர்ந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில், 35 வயது வரையுள்ளவர்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை வருமான வரிச் சலுகை விரிவாக்கப்பட்டது. சொந்த இளைஞர்கள் நாட்டை விட்டுப் போகாமல் இருப்பதற்காக அரசு சொன்ன ஏற்பாடு அது.