பழைய மோட்டார் சைக்கிள்களின் பராமரிப்பும் உதிரிபாகச் சந்தையும்

உற்பத்தி நின்றுபோன மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்து ஓட்டுவது இந்தியாவில் நீண்டகால வழக்கம். என்ஃபீல்டு புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை இன்றும் சாலையில் ஓடுகின்றன. இவற்றுள் சிலவற்றுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கிறது. சிலவற்றுக்கு மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு அந்தந்த வண்டியைத் தயாரித்த தொழிற்சாலையின் வரலாற்றிலிருந்து வருகிறது.

பின்னணி

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் தயாரிக்க அரசின் உரிமம் வேண்டும். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வாங்குவோர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தனர். ஒரு வண்டி வாங்கினால் அதை இருபது, முப்பது ஆண்டுகள் ஓட்டுவது இயல்பாக இருந்தது. வண்டியை மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பது மலிவு. இந்தச் சூழலில்தான் தெருவோரப் பட்டறை, லேத்துப் பட்டறை, பழைய பாகங்களை விற்கும் கடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன.

சென்னையும் புல்லட்டும்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955-இல் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட் வண்டிகளை வாங்க முன்வந்ததே இதற்குத் தூண்டுதல். தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் சென்னையில் பூட்டப்பட்டன. 1957-இல் பாகங்களைத் தயாரிக்கும் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு விற்கப்பட்டன. 1962-க்குள் வண்டியின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாயின. திருவொற்றியூர் தொழிற்சாலை இதன் மையம்.

இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்டது. சென்னையில் புல்லட் தொடர்ந்து உற்பத்தியானது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. அங்கே 1950-களின் புல்லட்டை வைத்திருந்தவர்களுக்குச் சென்னையில் வார்த்த பாகங்கள் பயன்பட்டன.

புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் சில மாற்றங்களோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. இந்த அளவு மாறாததால் ஒரு தலைமுறை வண்டியின் பல பாகங்கள் அடுத்த தலைமுறைக்கும் பொருந்தின. கியர் பெட்டி எஞ்சினிலிருந்து தனியாக இருந்ததும் மெக்கானிக்குகளுக்கு வசதி. எஞ்சினைப் பிரிக்காமலே கியர் பெட்டியைக் கழற்றிச் சரிசெய்யலாம். 2009-ஐ ஒட்டி எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாக இணைந்த புதிய வடிவம் வந்தது. அதன்பின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் பாகங்களுக்கு வெளிச்சந்தையே முக்கிய ஆதாரமாயிற்று.

மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும்

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டிகளை உரிமம் பெற்றுத் தயாரிக்க மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வண்டிகள் வெளிவந்தன. 1970-களில் பெயர் யெஸ்டி என்று மாறியது. 250 சி.சி. இரு-வீச்சு எஞ்சின், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள், உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் நெம்புகோலாகவும் இயங்கும் அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. புல்லட்டுக்குக் கிடைத்த தொடர்ச்சி யெஸ்டிக்குக் கிடைக்கவில்லை. முகவர்களிடம் இருந்த பாகங்கள் தீர்ந்தபின், பழைய வண்டிகளைப் பிரித்து எடுத்த பாகங்களும் சிறு பட்டறைகள் வார்த்த மாற்றுப் பாகங்களும் மட்டுமே மிஞ்சின. 2018-இல் ஜாவா என்ற பெயரும் 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் புதிய வண்டிகள் நான்கு-வீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றின் எஞ்சின் பாகங்கள் பழைய வண்டிக்குப் பொருந்தா.

ராஜ்தூத், யமஹா

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு 1960-களிலிருந்து ராஜ்தூத் 175 வண்டியைத் தயாரித்தது. கிராமப்புறங்களில் பால்காரர்களும் விவசாயிகளும் இதை விரும்பினர். 1983-இல் யமஹாவின் உதவியோடு ராஜ்தூத் 350 வந்தது. இரண்டு சிலிண்டரும் ஆறு கியரும் கொண்ட இந்த வண்டி பெட்ரோலை அதிகம் குடித்தது; உதிரிபாகமும் விலை கூடுதல். சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. இதன் மூல வடிவம் பிற நாடுகளிலும் விற்கப்பட்டதால், இன்று இதைச் சீரமைப்போர் சில பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கின்றனர்.

1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 எடை குறைந்த, வேகமான வண்டி. 1996 வரை அது தயாரிக்கப்பட்டது. பின்னர் வந்த 135 சி.சி. வண்டிகளின் பல பாகங்கள் இதற்கும் பொருந்துவதால் பராமரிப்பு ஓரளவு எளிது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இரு-வீச்சு மோட்டார் சைக்கிள்கள் சந்தையிலிருந்து மெல்ல மறைந்தன.

பட்டறையின் வேலைமுறை

பழைய எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலையின் மையம் சிலிண்டர். பிஸ்டன் உரசி உரசிச் சிலிண்டரின் உட்சுவர் தேய்கிறது. லேத்துப் பட்டறையில் அதைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துகின்றனர். இதற்கு 'ரீபோர்' என்று பெயர். ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ. அதற்கு 0.25 மி.மீ. இடைவெளியில் பெரிய பிஸ்டன்கள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் சுவர் மெலிவதால் குறிப்பிட்ட சில முறை மட்டுமே கடைய முடியும். பிறகு புதிய உள்ளுறை இறக்க வேண்டும்.

இரு-வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ரப்பர் சீல் முக்கியமானது. அது காய்ந்து வெடித்தால் காற்று உள்ளே கசிந்து எரிபொருள் கலவை கெடும். எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். விலை குறைந்த இந்தப் பாகத்தைப் புறக்கணித்தால் முழு எஞ்சினையும் பிரிக்க நேரிடும். யெஸ்டியில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். ஆர்எக்ஸ் 100-இல் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்பும் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் ஓட்டியதால் பழுதான எஞ்சின்கள் பல.

மின்சாரத்தில் பெரும்பாலான பழைய வண்டிகள் 6 வோல்ட். ஒளி மங்கல் என்பதால் பலரும் அதை 12 வோல்ட்டுக்கு மாற்றுகின்றனர்.

உதிரிபாகம் கிடைக்கும் வழிகள்

சந்தையில் நான்கு வகைப் பாகங்கள் உண்டு. முதலாவது, தொழிற்சாலையில் அன்றே செய்யப்பட்டு விற்காமல் கிடங்கில் தங்கியவை. இவற்றுக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது, பழைய வண்டியிலிருந்து கழற்றியவை. மூன்றாவது, லூதியானா போன்ற ஊர்களின் சிறு தொழிற்கூடங்களில் செய்யப்படும் மாற்றுப் பாகங்கள். பார்வைக்கு அசலைப் போலவே இருந்தாலும் இவற்றின் உலோகத் தரம் கடைக்குக் கடை வேறுபடும். நான்காவது, மாதிரியைக் கொடுத்து லேத்துப் பட்டறையில் செய்துகொள்பவை.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய பாகங்களுக்குப் பெயர் பெற்றது. எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை, கழற்றிய பாகங்களுக்கான சந்தை. தில்லியில் கரோல் பாக், புல்லட் பாகங்களுக்கும் சீரமைப்புக்கும் அறியப்பட்ட இடம். பழைய பாகச் சந்தைகளில் திருட்டு வண்டிகளின் பாகங்களும் கலந்துவிடும் என்பது காவல்துறை நெடுங்காலமாகக் கவனித்துவரும் சிக்கல். எஞ்சின் எண் பொறித்த உறையை ஆவணமின்றி வாங்குவது ஆபத்தானது. எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிதழில் குறிக்க வேண்டும்.

சட்டமும் எரிபொருளும்

தனியார் இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவதற்கான விதி 2021-இல் வந்தது. அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. தினமும் வேலைக்குப் பழைய யெஸ்டியில் செல்பவருக்கு இந்த விதியால் பயன் இல்லை.

எரிபொருளும் மாறியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. பழைய கார்புரேட்டர்களின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் தொட்டி உட்புறம் துருப்பிடிக்க வாய்ப்பு உண்டு. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் பாகங்களைப் பொருத்துவதும், நீண்டநாள் நிறுத்தும்போது தொட்டியைக் காலிசெய்வதும் இதற்குரிய தீர்வுகள்.

கைத்திறனின் நிலை

இந்த வண்டிகளை அறிந்த மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் சிறுவயதில் பட்டறையில் சேர்ந்து, மூத்தவரைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். ஒலியைக் கேட்டுப் பழுதைச் சொல்வதும், எந்த வண்டியின் பாகம் எதற்குப் பொருந்தும் என்பதும் அவர்களின் நினைவில் இருக்கின்றன. எழுத்தில் இருப்பது குறைவு. 2020-இல் பி.எஸ்.-6 விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்கள் கார்புரேட்டரைக் கைவிட்டு மின்னணு எரிபொருள் பீய்ச்சலுக்கு மாறின. இளைஞர்கள் பயில்வதும் அதையே. பாகங்களை மீண்டும் வார்த்துவிட முடியும். அவற்றைப் பொருத்தத் தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான் குறைந்துவருகிறது. பாகங்களின் அளவுகள், ஒன்றுக்கொன்று பொருந்தும் பட்டியல்கள், பழுது அறியும் முறைகள் ஆகியவற்றைத் தமிழில் பதிவுசெய்யும் பணி இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. மூத்த மெக்கானிக்குகள் தொழிலில் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.