கையுறையும் கடப்பாடும்

பெரியோரைக் காணச் செல்பவன் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது நம் முன்னோர் போற்றிய முறை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உறவினர் இல்லம் நாடிச் செல்வோர் வெற்றிலையோ, வாழைப்பழமோ, ஒரு சட்டித் தயிரோ ஏந்திச் செல்வதை நேயர்கள் அறிவீர்கள். இவ்வாறு ஏந்திச் செல்லும் பொருளைப் பழந்தமிழர் 'கையுறை' என்றனர். இன்று அச்சொல் கைக்கு அணியும் உறையையே பெரிதும் குறிக்கின்றது.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் ஆதியாகமத்திலே, தமையன் ஏசாவின் சினத்துக்கு அஞ்சிய யாக்கோபு, அவன் 400 பேரோடு எதிர்வருகின்றான் எனக் கேட்டு, ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை மந்தை மந்தையாக முன்னே அனுப்புகின்றான். ஏசா முதலில் வேண்டாம் என்கின்றான். தம்பி வற்புறுத்தவே ஏற்றுக்கொள்கின்றான். ஏற்றுக்கொண்டமையே பகை தீர்ந்ததற்குச் சான்று. சேபா நாட்டு அரசி 120 தாலந்து பொன்னுடன் சாலொமோனைக் கண்டபோது, அவனும் அவள் விரும்பியவற்றை அளித்தே வழியனுப்பினான். ஆகவே, அக்காலப் பரிசு வெறும் பொருளன்று. கொடுத்தவனையும் கொண்டவனையும் பிணைக்கும் சொல்லற்ற உடன்படிக்கை அது.

இவ்வுண்மையை மட்டக்களப்பு மண் ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். இவர் போர்த்துக்கேயரோ என இங்குள்ளோர் முதலில் ஐயுற்றனர். பின்னர் அவர் கண்டி சென்று, மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். அவர் அளித்த பரிசுகளுள், குதிரைமீது அமர்ந்த மொறிஸ் இளவரசரின் ஓவியம் ஒன்றும் இருந்தது. போர்த்துக்கேயரின் பகைவரது உருவம் அது. அவர்களை எதிர்த்து நின்ற மன்னனுக்கு அதன் பொருள் விளங்காதிருக்குமா? மன்னன் மகிழ்ந்தான், கறுவாவும் மிளகும் அளித்தான், கோட்டை கட்டவும் இடந்தர முன்வந்தான். ஸ்பில்பேர்கன் தம்முடன் வந்த இசைக்கலைஞர் இருவரை மன்னனிடம் விட்டுச் சென்றார்.

மன்னன் நாடியது சரக்கன்று. போர்த்துக்கேயரை வெல்லத் துணை. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் அத்துணையை வாக்களித்தார். ஆயின் 1603இல் போர்த்துக்கேயக் கப்பல்கள் அவர் கையில் அகப்பட்டபோது, அவற்றிலிருந்தோரை மன்னன் விருப்பத்துக்கு மாறாக விடுவித்துவிட்டார். அவருடைய மாலுமிகள் மாடுகளைக் கொன்றமையும் இங்குள்ளோர் மனத்தைப் புண்படுத்தியது. மட்டக்களப்பிலே மன்னனுக்கும் அவருக்கும் சொல் தடித்தது. அவரும் உடன்வந்த பலரும் அங்கேயே கொல்லப்பட்டனர். ஓராண்டுக்கு முன் பரிசால் மலர்ந்த நட்பு இரத்தத்திலே முடிந்தது.

1638இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயக் கோட்டையை மே 18ஆம் நாள் கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின் இரண்டாம் இராசசிங்கனுடன் செய்த உடன்படிக்கையில், போர்ச் செலவை மன்னன் கறுவா, மிளகு முதலிய பொருள்களால் ஈடுசெய்ய வேண்டும் என எழுதப்பட்டது. கையுறை இருந்த இடத்தில் கணக்கு வந்தமர்ந்தது. அக்கணக்கும் கோட்டைகளும் பற்றிய பிணக்கு நெடுங்காலம் நீடித்தது.

யாக்கோபின் மந்தைகள் பகையைத் தீர்த்தன. ஸ்பில்பேர்கனின் ஓவியம் நட்பைத் தொடக்கியது. ஆனால் தொடங்கிய நட்பைக் காக்கும் வலிமை எந்தப் பரிசுக்கும் இல்லை. அது, பரிசின் பின்னே நின்ற சொல்லைக் காப்பவரின் கையிலேயே இருக்கின்றது. வாவிக்கரையில் ஒரு சட்டித் தயிரோடு வாயிலில் வந்து நிற்கும் உறவினரும் அத்தகைய சொல்லொன்றையே ஏந்தி வருகின்றார்.